மோதல் நிலங்களின் இளைஞர்கள் கோத்தகிரியில் கூடினால்: எதைக் கற்பது, யாரிடம் கற்பது?

கோத்தகிரிவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடை முடிந்ததும் கோத்தகிரிக்கு அருகே இரண்டு வார உறைவிடப் பயிற்சி ஒன்றை நடத்த எங்கள் சிறு குழு திட்டமிட்டிருக்கிறது. மணிப்பூரின் பள்ளத்தாக்கிலிருந்தும் மலைப் பகுதிகளிலிருந்தும், காஷ்மீரிலிருந்தும், இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளிலிருந்தும், தத்தம் ஊரில் ஏதேனும் ஒரு வகையில் சமாதான வேலையில் இறங்கியிருக்கும் இளைஞர்களை அழைக்க விரும்புகிறோம். மொத்தம் இருபது பேருக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 2015 டிசம்பர் 9 அன்று நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், 18 முதல் 29 வயது வரை உள்ளோரை இளைஞர் என்று கொண்டு, சமாதானம் குறித்த முடிவுகளில் அவர்களுக்கு இடம் தர வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அந்த வயது வரம்பையே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

இடம் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 2023 மே 3 அன்று மணிப்பூரில் வன்முறை வெடித்த பிறகு, பள்ளத்தாக்கின் மெய்தி இளைஞரும் மலையின் குகி இளைஞரும் அந்த மாநிலத்துக்குள் ஒரே அறையில் உட்காருவது ஏறக்குறைய இயலாத காரியமாகிவிட்டது. பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவே படையினர் காவல் நிற்கும் பகுதியைத் தாண்டி ஒருவர் மற்றவருடைய ஊருக்குப் போக முடிவதில்லை. ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் யாரையும் அடையாளம் காணாத ஓர் ஊர் தேவைப்படுகிறது.

பாடத்திட்டத்தில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. இப்போதைய வரைவின்படி, காலை நேரத்தில் நாளுக்கு ஒரு நாடாக வட அயர்லாந்து, ருவாண்டா, கொலம்பியா, போஸ்னியா ஆகியவற்றின் அனுபவங்களைச் சொல்லித் தருவோம். மாலையில் பங்கேற்பாளர்கள் தத்தம் கதையைப் பகிர்ந்துகொள்வார்கள். கடைசி நாளன்று, நீலகிரியின் தொல்குடிகள் ஒருவரோடொருவர் இணக்கமாக வாழ்ந்த முறை பற்றி ஓர் அமர்வு இருக்கும். குழுவில் ஒருவர் இது சுற்றுலாத் திட்டம் போல இருப்பதாகச் சொல்கிறார். நான் அப்படிக் கருதவில்லை என்றாலும், இங்குள்ள அனுபவசாலிகளின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஊசிமலை

உங்கள் குழு உறுப்பினர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. ருவாண்டாவை ஒரே காலையில் சொல்லப் போனால் என்ன சொல்வீர்கள்? 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஊர்மக்களே கூடி விசாரித்த கச்சாச்சா மன்றங்கள் 2012 வரை இயங்கின, ஏறக்குறைய 19 லட்சம் வழக்குகளை முடித்தன என்று சொல்வீர்கள். போரில் வென்ற தரப்பின் படையினர் செய்த கொலைகள் அந்த மன்றங்களின் முன் வரவே இல்லை என்பதைச் சொல்ல நேரம் இருக்காது. அந்த இரண்டாவது செய்தியைக் கேட்காமல் ஊர் திரும்பும் யாழ்ப்பாணத்து இளைஞர், தம் ஊருக்கும் அப்படி ஒரு மன்றம் வேண்டும் என்று பேசத் தொடங்குவார். வட அயர்லாந்தும் அப்படித்தான். 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தம் எல்லாருக்கும் தெரியும். பெல்ஃபாஸ்டில் 1969 முதல் எழுந்த பிரிவுச் சுவர்களை 2023க்குள் அகற்றுவதாக அங்குள்ள அரசு அறிவித்ததும், அந்த ஆண்டு கடந்த பிறகும் சுவர்கள் நிற்பதும், கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கும் பள்ளி 1981இலேயே தொடங்கியும் இன்றுவரை மாணவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அத்தகைய பள்ளிகளில் இல்லாததும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மாலைக் கதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பதின்ம வயதினரை அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் ஒன்றுசேர்க்கும் ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ முகாம் 1993இல் தொடங்கியது. நல்லெண்ணத்துடன் நடந்த முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் 2000 அக்டோபரில், அந்த முகாமில் பயின்ற பதினேழு வயது அரபு மாணவர் ஒருவர், முகாமின் பெயர் பொறித்த சட்டையை அணிந்திருந்த நிலையிலேயே இஸ்ரேலியப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். முகாமில் கிடைத்த நட்பு பொய்யல்ல. ஆனால் துப்பாக்கியும் சோதனைச் சாவடியும் யார் கையில் இருக்கின்றன என்பதை அந்த நட்பு மாற்றவில்லை. உங்கள் அறையிலும் சமமற்றவர்கள் உட்காருவார்கள். ஒருவர் கண்ணீர்விட, மற்றவர் தலையசைக்க, இருவரும் ஒரே படத்தில் சிரிப்பது சமாதான வேலை ஆகாது.

சேரம்பாடி மகள்

கோத்தகிரிவாசி ஐயா, “யாருக்கும் சொந்தமில்லாத ஊர்” என்று எழுதியிருக்கிறீர்கள். மணிப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி அப்படிப்பட்ட ஊர் அல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை, 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். என் தாத்தாவும் பாட்டியும் அந்தக் கணக்கில் வந்து இறங்கியவர்கள். அவர்களைப் போன்றோருக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968 முதல் இந்த மலைகளில் தேயிலை நட்டது. அதுவே 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மலையகத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இங்கே ஏதாவது ஒரு லைன் வீட்டில் அத்தையோ சித்தப்பாவோ இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் இது நடுநிலையான ஊர் என்று சொல்லாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எங்களுக்காகத் தேயிலை நட்ட நிலம் வெற்று நிலமாக இருக்கவில்லை; காடாக இருந்தது. அந்தக் காட்டை நம்பியிருந்த பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் ஆகியோரை அப்போது யாரும் கேட்கவில்லை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜென்மம் என்ற பரம்பரை நிலவுடைமை முறையை ஒழிக்க 1969இல் வந்த சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலம் யாருடையது என்ற சிக்கல் இன்னும் முழுதாகத் தீராததால், அந்த நிலத்தில் தலைமுறையாகக் குடியிருக்கும் பல குடும்பங்களுக்கு மின் இணைப்புக்கூட மறுக்கப்பட்டு வந்தது. ஆதிவாசிகள், கேரளத்திலிருந்து குடியேறியவர்கள், எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள், எஸ்டேட் நிர்வாகங்கள், வனத்துறை, இவர்கள் எல்லாரோடும் யானைகள் என்று ஒரே மண்ணில் இத்தனை தரப்பு இருக்கிறது. டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, இரண்டாம் முறையும் பெட்டியைக் கட்ட வேண்டுமோ என்று எங்கள் லைன்களில் பேசிக்கொண்டார்கள். காட்டைத் திரும்பப் பெறும் நியாயமும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. இங்கே துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்பதற்காக இதை மோதல் என்று எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

உங்கள் அழைப்புப் பட்டியலில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இல்லை. சமையலுக்கும் ஜீப் ஓட்டவும் எங்களைக் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

குந்தா மழை

கடைசி நாள் அமர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோதவர், கோத்தர், குறும்பர், படுகர் ஆகியோர் பொருளும் சேவையும் பரிமாறி வாழ்ந்தார்கள் என்பது உண்மை. 19ஆம் நூற்றாண்டில் பில்லி சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தால் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதும் ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இருக்கும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லும் அமர்வை நடத்துவதானால், அதைச் சுற்றுலாத் துறையிடமே விட்டுவிடலாம்.

கோத்தகிரிவாசி

கடைசி அமர்வை எடுத்துவிடுகிறேன். கூடலூர், பந்தலூர் இளைஞர்களை விருந்தோம்புவோராக அல்லாமல் பங்கேற்பாளர்களாகவே சேர்ப்பது என்று குழுவில் முன்மொழிவேன். அதற்கு எதிர்ப்பு வரும் என்று தோன்றவில்லை.

ஆனால் ஊசிமலை அவர்களின் முடிவோடு நான் முழுதாக உடன்படவில்லை. தன் ஊர்த் துயரம் உலகில் தனித்த ஒன்று என்று எண்ணியிருக்கும் ஓர் இளைஞர், வேறு ஊரில் இன்னொருவர் அதே போன்ற அறிவிப்புப் பலகையையும் அதே போன்ற தேடுதல் வேட்டையையும் கண்டிருக்கிறார் என்று அறிவதிலேயே ஒரு பயன் உண்டு என்பது என் கருத்து. போஸ்னியாவைப் பாருங்கள். போருக்குப் பிறகு அங்கே ஒரே கட்டடத்தில் இரு இனப் பிள்ளைகளுக்கு இரு வேறு பள்ளிகள் நடக்கும் வழக்கம் வந்தது. யாய்ட்செ என்ற ஊரில் சேர்ந்தே படித்துக்கொண்டிருந்த மாணவர்களையும் அப்படிப் பிரிக்க நிர்வாகம் முடிவெடுத்தபோது, 2016, 2017ஆம் ஆண்டுகளில் அந்த மாணவர்களே தெருவில் இறங்கி, பிரிக்கும் திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். 2018இல் அதற்காக, சிறுபான்மையினர் நலனுக்கான பணிக்குத் தரப்படும் மக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருதும் பெற்றார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளால் முடிந்தது என்ற செய்தி இலங்கையின் மட்டக்களப்பிலோ மணிப்பூரின் சூராசந்த்பூரிலோ இருக்கும் ஒருவருக்குத் தெம்பு தராதா? கதை வேண்டாம் என்றால், அதற்குப் பதில் எதை வைப்பது என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

தடயம்

வைப்பதற்கு ஒன்று இருக்கிறது, தொழில். நான் தடய அறிவியல் படித்து, இப்போது குன்னூரில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு மோதல் நிலத்து இளைஞர்கள் மற்றொரு மோதல் நிலத்து இளைஞர்களுக்கு உண்மையாகவே கற்றுக்கொடுத்தது என்றால் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் அறியேன்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பல்லாயிரம் பேர் காணாமலாக்கப்பட்டார்கள். அவர்களுடைய தாய்மார்கள் 1977 ஏப்ரல் முதல், தலைநகரில் ‘மே சதுக்கம்’ என்ற இடத்தில் கூடி நின்றார்கள். ஆட்சி மாறியதும் பெயரில்லாப் புதைகுழிகளை மண்வாரி இயந்திரம் வைத்துத் தோண்டத் தொடங்கியதால், எலும்புகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்துபோயின. 1984இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்கத் தடய மானிடவியலர் அங்கே வந்தபோது, அந்நாட்டு மூத்த வல்லுநர்கள் அவரோடு வேலை செய்யத் தயங்கினார்கள். துணிந்து வந்தவர்கள் மானிடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர். கரண்டியும் தூரிகையும் கொண்டு அடுக்கடுக்காக மண்ணை எடுப்பது, ஒவ்வோர் எலும்பும் கிடந்த நிலையைப் பதிவது, பல் அமைப்பையும் பழைய முறிவுகளையும் குடும்பத்தார் சொல்லும் விவரங்களோடு பொருத்துவது என்று தொல்லியல் முறையில் அவர்கள் அந்த வேலையைக் கற்றார்கள். அந்த மாணவர்களால் உருவானதே அர்ஜென்டினத் தடய மானிடவியல் குழு.

இந்த இழைக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1990களின் தொடக்கத்தில் குவாத்தமாலாவில், மாயா பழங்குடிக் கிராமங்களின் புதைகுழிகளைத் திறக்க ஆள் தேவைப்பட்டபோது, ஸ்னோவும் அந்த அர்ஜென்டின இளைஞர்களும் அங்கே போய் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்தார்கள். குவாத்தமாலாவுக்கென்று ஒரு குழு உருவாயிற்று. போஸ்னியா உட்படப் பல நாடுகளில் அர்ஜென்டினர்கள் வேலை செய்தார்கள். 2014இல் மெக்சிகோவின் அயோட்சினாபா கல்லூரி மாணவர்கள் 43 பேர் காணாமலாக்கப்பட்டபோது, அவர்களின் உடல்கள் ஒரு குப்பைமேட்டில் எரிக்கப்பட்டன என்று அரசு சொன்ன கதையைத் தீயின் தடயங்கள் தாங்கவில்லை என்று அறிக்கை தந்ததும் இந்தக் குழுதான். முன்னாள் யூகோஸ்லாவியப் போர்களில் காணாமல்போன ஏறக்குறைய 40,000 பேரில் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்று இன்று தெரிவதற்கு, உறவினரின் இரத்த மாதிரிகளைத் திரட்டி மரபணுவால் பொருத்திய வேலை பெருங்காரணம்.

இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல், காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களின் ஊரிலிருந்து வரும் ஓர் இளைஞருக்கு அர்ஜென்டினத் தாய்மார்களின் கதை தேவையில்லை. அது அவர் வீட்டிலேயே இருக்கிறது. காணாமல்போனவரைப் பற்றி ஒரு தாயிடம் என்னென்ன கேட்டுப் பதிய வேண்டும், கடைசியாகப் பார்த்த இடம், உடை, கட்டிய பல், உடைந்து கூடிய எலும்பு ஆகியவற்றை எந்த வரிசையில் கேட்டால் அந்தத் தாய் மீண்டும் நொறுங்காமல் இருப்பார், பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்படி அந்தப் பதிவை எப்படிப் பாதுகாப்பது என்பதே அவருக்குத் தேவை. காஷ்மீரிலிருந்து வருபவருக்கும் அதே தேவை உண்டு. இரண்டு நாள் ஒதுக்கினால் இதன் அடிப்படையைக் கற்றுத்தர முடியும்.

ஊசிமலை

இதை ஏற்கிறேன். ஆனால் இலங்கையில் தொழில் தெரியாததால் மட்டும் வேலை நின்றுவிடவில்லை. காணாமல்போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல் ஆணையர்களும் வந்தார்கள். தாய்மார்களில் பலர் அந்த அலுவலகத்தை நம்பவில்லை, வேண்டாம் என்றே போராடினார்கள். நம்பிக்கையில்லாத இடத்தில் இரத்த மாதிரியை யாரிடம் கொடுப்பார்கள்?

தடயம்

அந்தக் கேள்வியையும் அர்ஜென்டினர்கள் சந்தித்தார்கள். மே சதுக்கத்துத் தாய்மார்களில் ஒரு பிரிவினர், உயிரோடு கொண்டுபோனவர்களை உயிரோடு கொண்டுவா என்று சொல்லித் தோண்டும் வேலையையே எதிர்த்தார்கள். குழு அரசுக்கு வெளியே தனித்து இயங்கியதும், குடும்பங்களின் இசைவோடு வேலை செய்ததும், எதிர்த்தவர்களோடு வாதாடாமல் இருந்ததும்தான் அதற்கு அவர்கள் கண்ட விடை. இதுவும் கற்பிக்கக்கூடிய தொழிலின் ஒரு பகுதியே. இரண்டு நாளில் முதல் நாளை இதற்கே கொடுப்பேன்.

தாண்டிக்குடி

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். நண்பர் தடயம் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதோடு நம் பக்கத்துத் தொழில் ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1957இல் வினோபா பாவே சாந்தி சேனை என்ற சமாதானத் தொண்டர் படையைத் தொடங்கினார். எங்கள் மலையிலிருந்து பார்த்தால் சமவெளியில் கிடக்கும் காந்திகிராமத்தில் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சி தரப்பட்டது. கலவரப் பகுதிக்கு ஆயுதமில்லாமல் போய் நிற்பது, வதந்தியை அன்றே விசாரித்து மறுப்பது, இரு தெருக்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோவது ஆகியவை அதன் அன்றாட வேலைகள். இந்தச் சிந்தனையின் வழிவந்த பன்னாட்டு அமைப்பான ‘நான்வயலண்ட் பீஸ்ஃபோர்ஸ்’ 2002இல் டெல்லியை அடுத்த சூரஜ்குண்டில் கூடித் தொடங்கியது. அதன் முதல் களம் 2003இல் இலங்கை. அச்சுறுத்தலுக்கு ஆளானவரோடு ஒரு வெளியார் கூடவே நடந்து போவதுதான் அவர்கள் செய்த வேலையின் சாரம். மணிப்பூரிலிருந்து வருபவர்களுக்கு இது உடனே பயன்படும். தமிழ்நாட்டில் இதை நாம் காந்தி ஜெயந்தியன்று மட்டும் நினைத்துக்கொள்வதால், இப்படி ஒரு பயிற்சி இருந்தது என்பதே இளைஞர்களுக்குத் தெரியவில்லை.

சேரம்பாடித் தங்கைக்கு ஒரு செய்தி. தாயகம் திரும்பியோரில் சிலர் எங்கள் கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் கூப்புகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தது 1980களில் வெளியே வந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளையும் அழையுங்கள்.

ஒரு சிறு குறிப்பையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பல நாட்டுப் படை அதிகாரிகள் ஏறக்குறைய ஓராண்டு குடும்பத்தோடு தங்கி, போரை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்குக் குன்னூரை அடுத்த வெலிங்டனில் 1947 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. சமாதானத்துக்கு இரண்டு வாரம் அதிகம் என்று யாராவது நிதிக் குழுவில் சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

குந்தா மழை

நடைமுறைச் செய்திகள் சில. வெளிநாட்டவர் தங்கினால் விடுதி நடத்துபவர் அதற்குரிய படிவத்தை நிரப்பி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இலங்கையிலிருந்து வருபவர்களுக்குச் சுற்றுலா விசா போதும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், மாநாட்டு விசா பற்றி முன்கூட்டியே கேளுங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அக்டோபர், நவம்பரில் வைக்க வேண்டாம். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது.

படம் எடுப்பதை முழுமையாகத் தடை செய்யுங்கள். மெய்தி இளைஞரும் குகி இளைஞரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் படம் ஒன்று வெளியே போனால், ஊர் திரும்பும்போது இருவருக்குமே ஆபத்து. இளைஞர்களின் பாதுகாப்பும் அந்த 2250ஆம் தீர்மானத்தின் தூண்களில் ஒன்று. நிதி தருபவர் விளம்பரத்துக்குப் படம் கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.

கோத்தகிரிவாசி

திருத்திய திட்டத்தை இங்கே வைக்கிறேன். நாட்டுக்கு ஒரு நாள் என்ற அமைப்பு போகிறது. முதல் மூன்று நாள்கள் கூடலூர், பந்தலூர் பகுதியில், அந்த ஊர் இளைஞர்களே 17ஆம் பிரிவு நிலச் சிக்கலை வருபவர்களுக்கு விளக்குவார்கள். நிலம் பற்றிய பூசல் ஒன்றை எல்லாத் தரப்பிடமும் கேட்டு, தரப்புக்கு ஒரு வரைபடமாக வரைந்து பழகுவது அங்கே பயிற்சி. பிறகு கோத்தகிரியில் காணாமல்போனோர் பற்றிய பதிவு, வதந்தி விசாரணை, துணைநடை ஆகிய மூன்று தொழில்கள். யாய்ட்செ மாணவர்களின் போராட்டத்தை விடவில்லை. ஆனால் அதைக் கதையாகச் சொல்லாமல், முதல் வாரம் யாரைச் சேர்த்தார்கள், பெற்றோரை எப்படிச் சமாளித்தார்கள் என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். மாலைக் கதைகள் கட்டாயமில்லை. பேச விரும்புபவர் பேசலாம்.

ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரை அழைப்பதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பங்கேற்பாளர்களிடமே முன்கூட்டிக் கேட்டு, ஒருவர் மறுத்தாலும் அழைப்பதில்லை என்பது என் நிலை.

சேரம்பாடி மகள்

திட்டம் இப்போது எங்களுக்கும் பொருந்துகிறது, ஐயா. தேதியை மட்டும் மாற்ற வேண்டும். கோடை முடிந்த கையோடு கொழுந்து வரத்து மிகுந்திருக்கும். டான்டீயில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது விடுப்புக் கிடைக்காது. பனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் கொழுந்து குறைவு. அப்போது வைத்தால் வருவார்கள். வருகிற நாள்களுக்கு உரிய தினக்கூலியைப் பயணச் செலவோடு சேர்த்துத் தர நிதியில் இடம் ஒதுக்குங்கள். ஆதிவாசி சங்கத்துப் பிள்ளைகள் வருவார்களா என்பதை அவர்கள்தான் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்; அவர்களுக்காக நான் சொல்ல முடியாது. ஆனால் யாரிடம் நேரில் போய்க் கேட்பது என்று தனிச்செய்தியில் எழுதுகிறேன்.